பசிக்குதுன்னு சொன்னேன்

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியது பதினோரு மணிக்கு. காலை ஏழரைக்கே லிஃப்ட்காரர் அதை மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

லிஃப்ட்காரர் என்றால் அக்கா தங்கை இருவரில் பெரியவளின் கணவர். அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். "ஆளுங்களை மேலே அனுப்பறதுதான் நம்ம தொழில்" என்று அவர் சொல்லும்போது, புதிதாகக் கேட்பவர்கள் ஒரு கணம் திகைத்துப் போவார்கள். வீட்டில் யாரும் சிரிப்பதில்லை. இருபது வருடமாகக் கேட்ட ஜோக்.

பெரியவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஒரு நாளைக்கு அறுபது பேருக்கு ஊசி குத்துகிற கை, விடியற்காலையில் பேனா பிடிக்கும். சபையின் மாத இதழில் நான்கு வருடமாக அவள் எழுதிவந்ததைப் பார்த்துத்தான் கிறிஸ்தவப் பதிப்பகத்தார், "புத்தகமாகப் போடலாம், பன்னிரண்டு அத்தியாயம் கொடுங்கள்" என்று கேட்டார்கள். கொடுத்தாள். சென்ற வாரம் பதில் வந்தது, கூடவே ஒப்பந்தமும் வந்தது. ஒரே ஒரு நிபந்தனை: ஒன்பதாம் அத்தியாயத்தின் முடிவு மனத்துக்குப் பாரமாக இருக்கிறது, மாற்றி எழுதிக்கொண்டு வரவும்.

ஒன்பதாம் அத்தியாயம் அவள் தங்கையைப் பற்றியது.

ஏழு வருடத்துக்கு முன்னால் சின்னவளுக்கு ஒரு பிள்ளை பிறந்து, நான்கு நாள் இருந்துவிட்டுப் போனது. அந்த நான்கு நாளும் சபை முழுவதும் முறை வைத்து ஜெபம் செய்தது. அதற்குப் பிறகு சின்னவள் ஆலயத்துப் பக்கமே வரவில்லை. 'இன்னும் வரவில்லை' என்றுதான் பெரியவள் அத்தியாயத்தை முடித்திருந்தாள். திரும்பி வந்தாள் என்று முடித்தால் வாசகர்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்பது பதிப்பகத்தின் எண்ணம்.

ஆறு நாளில் நான்கு முடிவுகள் எழுதிப் பார்த்துவிட்டாள். ஒன்றில் மழை பெய்தது. ஒன்றில் ஆலய மணி அடித்தது. நாலாவதில் சின்னவள் கடைசி வரிசையில் வந்து தலை குனிந்து உட்கார்ந்தாள். அதைப் படித்தபோது எழுதியவளுக்கே கண் கலங்கியது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. பொய் இவ்வளவு நன்றாக எழுத வருகிறதே!

"இங்க வா" என்றார் லிஃப்ட்காரர். "பன்னிரண்டாவது ஷரத்தைப் படி."

தேநீரை வைத்துவிட்டுக் குனிந்து படித்தாள். 'இந்நூலில் இடம்பெறும் உயிருள்ள நபர்கள் அனைவரின் ஒப்புதலையும் ஆசிரியர் பெற்றுள்ளார்.'

"ஆசிரியர்னா நீதான். பெற்றுள்ளாரா?"

பெரியவள் தேநீர்க் கோப்பையை நகர்த்தி வைத்தாள்.

"உன் தங்கச்சிகிட்டக் கேட்டியா, இல்லியா?"

"ஏழு வருஷமா அந்தப் பேச்சையே எடுத்ததில்லீங்க. எப்படிக் கேக்கறது? எனக்குத் தைரியம் வரல."

"வாயால பேசத் தைரியம் வரல. அச்சடிச்சு ஊருக்கெல்லாம் கொடுக்கத் தைரியம் வந்துடுச்சு."

சுருக்கென்றிருந்தது. அவர் ஒரு பக்கம் பின்னால் புரட்டினார்.

"இன்னொண்ணும் இருக்கு. ஏழாவது ஷரத்து. 'தேவையான மாற்றங்களைப் பதிப்பகம் செய்துகொள்ளலாம்.' யாரைக் கேட்டுச் செய்வாங்கன்னு போடல. ஒரு லிஃப்டுக்கு நான் இப்படிச் சான்றிதழ் எழுதினா அன்னைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"அவங்க ஊழியம் மாதிரி நடத்தற இடங்க. ஏமாத்த மாட்டாங்க."

"நல்லவங்கதான். நல்லவங்க எழுதின காயிதத்தையும் படிச்சுப் பாத்துத்தான் கையெழுத்துப் போடணும்."

பெரியவள் கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு ஆகப் பத்து நிமிடம். ஒன்பதாம் அத்தியாயத்தைத் தாள்கட்டிலிருந்து தனியே உருவி எடுத்தாள். ஒன்பது பக்கம். ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"எங்க?"

"கேக்கறதுக்கு."

சின்னவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயிற்சிப் பள்ளியின் காலி மைதானத்தில், கூரையில் பலகை மாட்டிய சின்ன வெள்ளைக் காருக்குப் பக்கத்தில் நின்று கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள். எட்டரைக்கு வர வேண்டியவர் வரவில்லை. காய்ச்சலாம்.

"ஊருக்கே காய்ச்சல்" என்றாள் அக்காவைப் பார்த்ததும். "பரீட்சை நெருங்கினா எல்லாருக்கும் வந்துடுது. நீ என்ன இந்நேரத்துல? லேப் இல்லையா?"

"லீவு. உன்கிட்ட ஒண்ணு காட்டணும்."

"வெயில் ஏறுது. உள்ளே உக்காரு. அந்தப் பக்கம் இல்லக்கா, அது என் சீட்டு."

அப்படியாக, வாழ்நாளில் சைக்கிள்கூட ஓட்டாத பெரியவள் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கையின் காலடியில் பயிற்சியாளருக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. சின்னவள் உட்கார்ந்ததுமே அவள் பாதம் தானாகப் போய் அதன்மேல் நின்றது. வண்டி ஓடவே இல்லை.

"உன்னைப் பத்தி எழுதியிருக்கேன்" என்றாள் பெரியவள். இதற்கு முன்னுரை ஒன்று யோசித்து வைத்திருந்தாள். அது வழியிலேயே எங்கோ விழுந்துவிட்டது. "உன்னையும், பிள்ளையையும். புத்தகத்துல வரப்போவுது. முதல்லயே உன்னைக் கேட்டிருக்கணும். கேக்கல. தப்பு என்மேலதான்."

சின்னவள் தாள்களை வாங்கிக்கொண்டாள். மெதுவாக, உதடு அசையப் படித்தாள். பெரியவள் தன் முன்னால் இருந்த சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லை.

ஆறாம் பக்கத்தில் சின்னவளின் விரல் நின்றது.

"'நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.' எப்ப பிடிச்சே?"

"அன்னைக்கு... காலையில..."

"நீ பிடிக்கல. 'கர்த்தாவே என்று அவள் கதறினாள்.' நான் கதறலக்கா. இது யாரு? எனக்குத் தெரியாதவ யாரோ ஒருத்தி கட்டில்ல கிடக்கறா."

பெரியவளுக்குக் காது சூடானது. "எனக்கு அப்படித்தான் ஞாபகம்."

"நான் சொல்றேன், கேளு." சின்னவள் தாள்களை மடியில் வைத்தாள். கண் எதிரே இருந்த காலி மைதானத்தில் இருந்தது. "பிள்ளையை எடுத்துட்டுப் போயிட்டாங்க. அவர் கப்பல்ல, தகவல்கூடப் போகல. நான் தனியாத்தான் இருந்தேன். நர்ஸ் வந்து, ஏதாவது வேணுமாம்மான்னு கேட்டாங்க. பசிக்குதுன்னு சொன்னேன்."

பெரியவள் திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டு நாளா ஒழுங்காச் சாப்பிடல. ரொட்டியும் பாலும் கொண்டுவந்து கொடுத்தாங்க. முழுசாத் தின்னேன். பிள்ளை போய் ஒரு மணி நேரம் ஆகலக்கா, நான் தின்னுக்கிட்டிருக்கேன். அப்பதான் நீ வந்தே. கையில கடைசித் துண்டு இருந்தது. நீ என்னைப் பாத்தே, உடனே ஜன்னல் பக்கம் திரும்பிட்டே. திரும்பினபடியே 'எல்லாம் தேவ சித்தம்'னு சொன்னே. இவ என்ன ஜென்மம், பிள்ளை செத்த அன்னைக்குத் தின்னுக்கிட்டிருக்கான்னு நினைச்சுத்தான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்னு நான் இந்த ஏழு வருஷமா..."



"நான் ரொட்டியைப் பாக்கவே இல்லடி" என்றாள் பெரியவள். "சத்தியமாப் பாக்கல. உன் முன்னாடி அழுதுடுவேன்னு திரும்பிக்கிட்டேன். வேற என்ன சொல்றதுன்னு தெரியாம அதைச் சொன்னேன். வாய் பழகிப் போச்சு."

இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழவில்லை. அந்தக் காரில் அதற்கு இடமும் போதாது. சின்னவள் டாஷ்போர்டுக்குள்ளிருந்து ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்து, பாதி கிழித்து அக்காவிடம் நீட்டினாள்.

"போடு" என்றாள். "ஆனா ரொட்டியைப் போடு. கையைப் பிடிச்சேன்னு போடாதே. அவங்க எப்படி முடிக்கச் சொல்றாங்க?"

"நீ ஆலயத்துக்குத் திரும்பி வந்ததா."

"அப்படி எழுதினே, காரை ஏத்திக் கொன்னுடுவேன்."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகைக்கு நடுவில் வந்த சிரிப்பு மூக்கால் வெளியேறியது. அதைப் பார்த்துச் சின்னவளும் சிரித்தாள்.

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பதிப்பகம் போய்ச் சேர நாற்பது நிமிடம். ஆறாம் பக்கத்தின் பின்புறத்தில் எழுத ஆரம்பித்தாள் பெரியவள். கையைப் பிடித்ததை அடித்தாள். கதறியதை அடித்தாள். ரொட்டியும் பாலும் எழுதினாள். ஜன்னலை எழுதினாள். தன்னைப் பற்றிய வாக்கியம் வந்தபோதுதான் பேனா தயங்கியது. 'நான் திரும்பிக்கொண்டேன்' என்று எழுதிவிட்டு, 'ஏனென்றால்' என்று ஆரம்பித்தாள். உடனே அதை அடித்தாள். காரணம் சொல்ல ஆரம்பித்தால் மறுபடி நல்லவளாகிவிடுவாள் என்று தெரிந்தது.

பேருந்து குலுங்கியதில் எழுத்து கோணல்மாணலாக இருந்தது. ஆனால் இறங்கும்போது அவள் நடையில் ஒரு நிமிர்வு வந்திருந்தது. நான்கு வருடத்தில் முதல்முறையாக, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்காமலேயே அது சரியாக இருக்கிறது என்று தெரிந்தது.

பதிப்பகம் ஆலய வளாகத்துக்குள்ளேயே, பின்பக்கக் கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது. படிக்கட்டு வரைக்கும் புத்தகக் கட்டுகள். பசை வாசனை. பதிப்பாசிரியர் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண்மணி. வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்து, ஸ்கேலை நகர்த்தி நகர்த்தித்தான் படிப்பார்.

"வாங்க சிஸ்டர். மாத்திட்டீங்களா?"

"மாத்தியிருக்கேன். நீங்க சொன்ன மாதிரி இல்ல."

ஸ்கேல் நகர ஆரம்பித்தது. ரொட்டியிடம் வந்ததும் நின்றது. பின்னால் போய், மறுபடி அங்கே வந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இது நடந்ததா?"

"நடந்தது. இன்னைக்குக் காலையிலதான் எனக்கே தெரியும்."

"அவங்க திரும்பி வரவே இல்லையா?"

"இல்லை."

"சிஸ்டர், நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம புத்தகத்தை வாங்கறவங்க பாதிப் பேரு ஆஸ்பத்திரியில படுத்திருக்கறவங்களுக்குக் கொடுக்கத்தான் வாங்கறாங்க. அவங்க கையில போய் இதைக் கொடுக்கலாமா?"

"அவங்க கையிலதான் கொடுக்கணும்." பெரியவளின் குரல் உயரவில்லை. ஊசியைப் பார்த்து மிரளும் நோயாளியிடம் பேசுகிற அதே குரல். "பிள்ளை போன அன்னைக்குப் பசிச்சவ ஒருத்தி இருக்கான்னு அவங்களுக்குத் தெரியட்டும். நான் நாலு முடிவு எழுதிப் பாத்தேன் மேடம். நாலுமே நல்லா இருந்தது. நாலுமே என் தங்கச்சியைப் பத்தின பொய். கர்த்தருக்காக எழுதறேன்னு சொல்லிக்கிட்டு என்னால பொய் எழுத முடியாது."

"ஒன்பதை விட்டுட்டுப் பதினொரு அத்தியாயமாப் போட்டுடலாமே? இப்பவே கையெழுத்துப் போடலாம். ரெண்டு மாசத்துல புத்தகம் கையில இருக்கும்."

மேசைமேல் பேனா தயாராக இருந்தது. தன் பெயர் போட்ட அட்டையை எத்தனை முறை மனத்துக்குள் பார்த்திருக்கிறாள்! ஒரு நொடி ஆசைப்பட்டாள் என்பதை மறைப்பானேன்.

"வேண்டாம் மேடம். மத்த பதினொண்ணையும் இது ஒண்ணுதான் தாங்குது. அப்புறம் ஏழாவது ஷரத்துல, 'ஆசிரியரின் எழுத்துபூர்வமான சம்மதத்துடன்'னு சேத்துக் கொடுங்க. சேத்தாத்தான் கையெழுத்து."

பதிப்பாசிரியர் அவளை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். "யாரு சொல்லிக் கொடுத்தது?"

"வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக்."

"நல்ல மெக்கானிக்." அவர் ஏழாவது ஷரத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார். "சேத்துடலாம். நியாயமாத்தான் கேக்கறீங்க. இப்ப நான் ஒண்ணு சொல்றேன், நீங்க கேளுங்க. முடிவு பிடிக்கலைன்னு நான் எழுதினேன் இல்லையா? எது உறுத்துதுன்னு அப்ப எனக்கே சரியாப் பிடிபடல. இதோ, கடைசிப் பக்கம். 'இன்னும் வரவில்லை'ன்னு எழுதிட்டு, அதுக்குக் கீழே நாலு வேத வசனம் போட்டிருக்கீங்க. எதுக்கு?"

"அது... படிக்கறவங்களுக்கு ஒரு நம்பிக்கை..."

"உங்களுக்கு ஒரு பாதுகாப்பு. நம்பிக்கை இல்லாதவன்னு யாரும் சொல்லிடக்கூடாதுன்னு போட்டது. வசனம்னா எனக்கு உயிர் சிஸ்டர், அதனாலதான் சொல்றேன், அதை வேலிக்கு முள்ளு மாதிரி வைக்காதீங்க."

பெரியவள் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். அந்த நான்கு வசனங்களையும் எழுதிய விடியற்காலை நினைவிருந்தது. எழுதிய பிறகுதான் நிம்மதியாக மூச்சு விட்டாள். அந்த நிம்மதி எதிலிருந்து வந்தது என்பதை யாரோ முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். பேனாவை வாங்கி, நான்கையும் தானே அடித்தாள். வலித்தது. ஆனால் பக்கம் சரியான இடத்தில் நின்றது.

"இப்ப எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார் பதிப்பாசிரியர். "ஆனா எனக்குப் பிடிச்சா மட்டும் போதாது. வெளியீட்டுக் குழு இருக்கு. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கூடுறாங்க. நீங்களே வந்து இந்த அத்தியாயத்தை அவங்க முன்னாடி படிங்க. கேள்வி கேப்பாங்க. தலைவர் உங்களுக்குத் தெரிஞ்சவர்தான், முன்னாடி உங்க சபையில போதகரா இருந்தாரே, அவர். கறாரானவர். ஒருத்தர் தன் விசுவாசத்துக்குச் சாட்சி சொன்னா அது வெற்றியில முடியணும்னு சொல்றவர்."

"வர்றேன்" என்றாள் பெரியவள். யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

கையெழுத்தில்லாத ஒப்பந்தத்தோடு படியிறங்கி வந்தவள், வளாகத்தின் கேட்டைத் தாண்டியதும் நின்றுவிட்டாள். எதிர்ச் சாரியில் கூரையில் பலகை மாட்டிய வெள்ளைக் கார். சின்னவள் கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

"என்னடி?"

"ஒன்பதரைக்காரரை இறக்கி விட்டுட்டு, பன்னிரண்டு மணிக்காரர் வீட்டுப் பக்கம்தான் இருந்தேன்" என்றாள். அது பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். "என்ன சொன்னாங்க?"

பெரியவள் சொன்னாள். திங்கட்கிழமை குழு என்பதை மட்டும் சொன்னாள். யார் தலைவர் என்பதற்கு இன்னும் வரவில்லை. அதற்குள் சின்னவள் கார் ஜன்னல் வழியே கையை விட்டு ஒரு தாளை எடுத்து நீட்டினாள். பயிற்சிப் பள்ளியின் வருகைப் படிவம். பின்பக்கம் முழுக்க நெருக்கி நெருக்கி எழுதியிருந்தாள்.

"நீ போனப்புறம் கை நிக்கல. எழுதிட்டேன். நீ பாக்காத பாதி இதுல இருக்கு. அழகுபடுத்தாதே. இது என் பேச்சு."

பெரியவள் தெருவோரத்திலேயே நின்று படித்தாள்.

'நீ அத்தானுக்கு போன் பண்ணக் கீழே போனே. அப்ப போதகர் வந்தார். ஒரு வசனமும் சொல்லல. நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தார். கொஞ்ச நேரத்துல அழ ஆரம்பிச்சுட்டார். எனக்குப் பதில் தெரியலம்மா, முப்பது வருஷமா மத்தவங்களுக்குச் சொன்னது ஒண்ணும் இப்ப வாயில வரலன்னார். நான் அழுதது யாருக்கும் தெரிய வேண்டாம்மா, ஜனங்க விசுவாசத்துல இடறிடுவாங்கன்னார். அன்னைக்கு எனக்கு ஆறுதலா இருந்த ஒரே மனுஷன் அவர்தான். மறுநாள் அடக்க ஆராதனையில அதே மனுஷன் நிமிர்ந்து நின்னு, இது தேவ சித்தம், யாரும் கேள்வி கேக்கக்கூடாதுன்னு முழங்கினார். எழுந்து வெளியே வந்தேன். கடவுள்மேல எனக்குக் கோபம் இருந்துதான்னு இப்பவும் தெரியல. அவர் முதல் நாள் சொன்னதை மறுபடி ஒரு தடவை சொல்லியிருந்தா நான் ஆலயத்தை விட்டுப் போயிருக்கவே மாட்டேன்.'

பெரியவள் இரண்டாம் முறை படித்தாள். லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவளுக்குக் கேட்கவில்லை.

"இதைப் போடுவியா?" என்றாள் சின்னவள்.

"போடணும்டி. இதைவிட நல்ல பக்கம் நான் ஒண்ணுகூட எழுதினதில்ல." தாளை மடிக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். "ஆனா இது அவர் உன்கிட்ட மட்டும் சொன்னது. அவரைக் கேக்காமப் போட மாட்டேன். உன்னைக் கேக்காம எழுதினதே போதும்."

"அப்ப கேளு. இப்ப எங்க இருக்காரோ, தேடிக் கண்டுபிடி."

"தேட வேண்டியதில்ல." பெரியவள் திரும்பி அந்த முதல் மாடி ஜன்னலைக் காட்டினாள். "திங்கட்கிழமை அந்த ரூம்ல, குழுவுக்குத் தலைவரா உக்காரப் போறவரே அவர்தான். அவர் முன்னாடிதான் நான் படிக்கணும்."

சின்னவள் ஜன்னலைப் பார்த்தாள். கேட்டைப் பார்த்தாள். பிறகு சட்டைப்பையிலிருந்து பயிற்சி நேரம் குறிக்கும் சின்ன நோட்டை எடுத்துப் புரட்டினாள்.

"எத்தனை மணிக்குன்னு சொன்னே?"

"பத்து."

"பத்து மணிக்கு ஒரு அம்மாவுக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் கொடுக்கணும்" என்றாள் சின்னவள். காதில் செருகியிருந்த பேனாவை எடுத்தாள். "அவங்களைச் செவ்வாய்க்கிழமைக்கு மாத்திடறேன்."